ஜாவா அரண்மனையின் கொலுக்கூடமும் அவைமொழியும்

ஜாவாவில் அரண்மனைகளின் முகப்பில் அமையும் திறந்த கூடத்திற்குப் 'பெண்டொபோ' என்று பெயர். இச்சொல் வடமொழி 'மண்டப' என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது. ஆதலின் தமிழில் 'மண்டபம்' எனப் பெயர்ப்பது இயல்பாகத் தோன்றும். ஆயினும் கற்றூண்களை நினைவூட்டும் அச்சொல், ஜாவாவின் மரக்கட்டடத்தையும் அதற்குரிய அவைமுறையையும் முழுமையாக உணர்த்துவதில்லை.

1755ஆம் ஆண்டின் கியாந்தி உடன்படிக்கையால் மாதாராம் அரசு இரண்டாகப் பிரிந்தது. அதன்பின் முதலாம் ஹமெங்குபுவோனோ யோக்யகர்த்தாவில் அரண்மனை எழுப்பினார். அதன் தலைமைக் கொலுக்கூடம் 'பங்சல் கெஞ்சனா', அதாவது பொற்கூடம். வடமொழிக் 'காஞ்சன'மே இங்குக் 'கெஞ்சனா' ஆயிற்று. கிழக்கு நோக்கிய இக்கூடத்திற்குச் சுவர்கள் இல்லை. நடுவில் 'சாகா குரு' எனப்படும் நான்கு முதன்மைத் தூண்கள், அடுக்கடுக்கான உத்தரங்களின் வழியே கூரையின் உயர்ந்த பகுதியைத் தாங்குகின்றன. அங்கிருந்து கூரை நாற்புறமும் படிப்படியாகத் தாழ்கிறது. இதன் பின்புறம் உள்ள 'பிரபயெக்சா' என்னும் மூடிய கட்டடத்தில் அரசகுலத்தின் வழிவழிப் பொருள்கள் காக்கப்படுகின்றன.

அரசர் கொலுவிருக்கையில் அவையோரின் உடலசைவே அவர்தம் பணிவைப் புலப்படுத்தும். பணியாளர் குந்தியவாறே நகர்வர். தரையில் சம்மணமிட்டு அமர்வர். பேசுமுன் கைகுவித்து வணங்குவர்.

மொழியிலோ இதற்கு மாறான ஒரு நெறியும் உண்டு. பொதுவழக்கில் ஜாவா மொழி, கேட்போர் தகுதிக்கேற்ப 'ங்கோகோ', 'க்ராமா' முதலிய படிகளாக வேறுபடுகிறது. யோக்யகர்த்தா அரண்மனையிலோ பணியாளர் தமக்குள் உரையாடுகையில் 'பகோங்கன்' என்னும் தனிவழக்கைக் கையாள்வது மரபு. பதவி உயர்வு தாழ்வு நோக்காது, தன்மைக்கு 'மனிரா', முன்னிலைக்குப் 'பகெனிரா' என்பனவே அவ்வழக்கிற்குரியவை. அரசரிடம் பேசும்போது மட்டும் உயர்வழக்கு இடம்பெறும். அரசர் முன் ஏனையோர் அனைவரும் ஒருநிலையினரே என்னும் கருத்து இதனால் புலனாகும்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். அமைச்சருக்குத் 'தாங்கள்' என்றும் ஏவலருக்கு 'நீ' என்றும் பெயர்த்தால் தமிழ் நடை இயல்பாக ஒலிக்கும். ஆனால் மூலம் கருதிய ஒருமை நிலை அழியும். 'பகெனிரா' வருமிடமெங்கும் 'நீர்' என்ற ஒரே வடிவைக் கையாள்வது தக்கது. கூடத்தின் பெயரையும் 'பெண்டொபோ' என்றே நிறுத்தி, முதல் வருகையில் விளக்கம் தருதல் நலம்.