மழைக்காலப் பம்புசெட்டுப் பராமரிப்பு

மழைக்காலப் பம்புசெட்டுப் பராமரிப்பு என்பது, வடகிழக்குப் பருவமழையின்போது பயன்பாடின்றி நிற்கும் பாசனப் பம்புசெட்டைப் பாதுகாப்பாக நிறுத்தி வைத்து, மழை ஓய்ந்தபின் மீண்டும் இயக்கும் முறை ஆகும். தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கிணற்றுப் பாசனம் மிகுதி என்பதால் இது உழவர் ஒவ்வோர் ஆண்டும் மேற்கொள்ள வேண்டிய பணியாகும். முறையாகச் செய்யாவிடில் மோட்டார் சுருள் எரிந்துபோகும். மின்கசிவால் உயிரிழப்பும் நேரலாம்.

பின்னணி

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நெல், கரும்பு, மணிலா அல்லது மல்லாட்டை என இங்கு வழங்கப்படும் நிலக்கடலை ஆகியவை முக்கியப் பயிர்கள். ஏரிப் பாசனத்துடன் திறந்த கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் நீர் தருகின்றன. முற்காலத்தில் ஏற்றம், கமலை ஆகியவற்றால் நீர் இறைக்கப்பட்டது. பின்னர் டீசல் எஞ்சின்களும் மின்மோட்டார்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சிறு உழவர்களுக்கு 1984 முதலும், அனைத்து உழவர்களுக்கும் 1990 முதலும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்பட்டு வருகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் பம்புசெட்டுகள் பல வாரங்கள் ஓய்ந்திருக்கும். மார்கழிப் பட்ட நிலக்கடலைக்கு நீர் பாய்ச்சும்போது அவை மீண்டும் இயக்கப்படும்.

செயற்படும் முறை

திறந்த கிணறுகளில் மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த மோனோபிளாக் வகை பெரிதும் பயன்படுகிறது. இதன் சுழலும் சக்கரம் (இம்பெல்லர்) நீரை வெளிப்புறம் வீசும்போது நடுவில் அழுத்தம் குறைகிறது. அப்போது வளிமண்டல அழுத்தம் கிணற்று நீரைக் குழாய்வழி மேலே தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர் மட்டுமே. உராய்வு முதலிய இழப்புகள் போக, நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்ச இயலும்.

இக்காரணத்தால், நீர்மட்டம் தாழ்ந்த கிணறுகளில் பம்பைக் கிணற்றினுள்ளேயே ஒரு மேடையில் பொருத்துவது வழக்கம். கோடையில் இவ்வமைப்பு இன்றியமையாதது. மழைக்காலத்திலோ கிணறு நிரம்பும்போது மோட்டார் நீரில் மூழ்கிவிடும்.

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கப்படும் நீர்மூழ்கி மோட்டார் நீருக்குள் இயங்கவே வடிவமைக்கப்பட்டது. எனினும் அதன் ஸ்டார்ட்டர் பெட்டியும் கம்பி இணைப்புகளும் தரைக்கு மேலேயே இருப்பதால் அவற்றிற்கும் பாதுகாப்புத் தேவை.

மழைக்கு முன் நிறுத்தி வைத்தல்

* முதன்மைச் சுவிட்சை நிறுத்தி, பியூசுகளைக் கழற்றி வைத்தல் வேண்டும். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்துவது போதாது.
* கிணற்று மேடையில் உள்ள மோனோபிளாக்கைக் கழற்றி, நீர் எட்டாத உயரத்திற்கு ஏற்ற வேண்டும்.
* பம்பின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, உள்ளே தங்கிய நீரை வடிக்க வேண்டும். தேங்கிய நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.
* மோட்டாரை மழைபடாமல் மூட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாதபடி இறுகக் கட்டினால் உள்ளே ஈரம் படியும். எனவே அடிப்பக்கம் திறந்திருத்தல் நலம்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இத்தகைய வெள்ளங்களில் மோட்டார் கொட்டகைகளும் நீரில் மூழ்குகின்றன.

மூழ்கிய மோனோபிளாக் மோட்டாரை, வெளிப்புறம் உலர்ந்துவிட்டது என்று கருதி இயக்கக் கூடாது. சுருளின் இடுக்குகளில் ஈரமும் சேறும் தங்கியிருக்கும். மோட்டாரைப் பிரித்து, நன்னீரால் கழுவி, மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். பேரிங்குகளில் சேறு புகுந்திருந்தால் மாற்ற வேண்டும். பின்னர் மெக்கர் கருவியால் சுருளுக்கும் உடலுக்கும் இடையிலான காப்புத் தடையை அளக்க வேண்டும். அது ஒரு மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் மின்னிணைப்புத் தரலாகாது.

மீண்டும் இயக்குதல்

1. மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையில் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கம் இருந்தால் இயக்கக் கூடாது.
2. ஸ்டார்ட்டர் பெட்டியில் எறும்பு, பல்லி முதலியன புகுந்துள்ளனவா எனப் பார்த்து, இணைப்புகளை முடுக்க வேண்டும்.
3. பம்பிலும் உறிஞ்சு குழாயிலும் நீர் ஊற்றி, காற்று முற்றிலும் வெளியேறும் வரை நிரப்ப வேண்டும். நீர் நில்லாமல் இறங்கினால் புட்வால்வு பழுதுற்றது எனலாம். நீரின்றி ஓடும் பம்பில் அடைப்பு வளையம் விரைவில் கருகிவிடும்.
4. வெளியேற்று வால்வு இருப்பின் அதை மூடி வைத்து மோட்டாரைத் தொடங்கி, பின் மெல்லத் திறக்க வேண்டும்.
5. சுழலும் திசை அம்புக்குறியுடன் பொருந்தாவிடில் மின்சாரத்தை நிறுத்தி, மூன்று முனைக் கம்பிகளுள் இரண்டை இடம் மாற்ற வேண்டும்.

மோட்டார் சுழலாமல் உறுமினால் ஒரு முனையில் மின்சாரம் வரவில்லை எனக் கொண்டு உடனே நிறுத்த வேண்டும். இந்நிலை சில நிமிடங்கள் நீடித்தாலே சுருள் எரியக்கூடும்.

உயிர்ப் பாதுகாப்பு

மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் கிடைத்த காலத்தில், மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை இயக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் பரவின. கிணற்றில் ஒருவர் பழுது பார்க்கும்போது இக்கருவி இணைப்பிலிருந்தால் மோட்டார் எதிர்பாராமல் இயங்கிவிடும். ஆகவே பியூசுகளைக் கழற்றி, கிணற்றில் இறங்குபவரே தம்மிடம் வைத்துக்கொள்வது சிறந்த காப்பு.

பம்புசெட்டுத் தொட்டியில் குளிப்பது இப்பகுதிச் சிறுவர்களின் விருப்பமான பொழுதுபோக்கு. நில இணைப்பு அறுந்த மோட்டாரில் மின்கசிவு ஏற்பட்டால், இரும்புக் குழாயும் நனைந்த தரையும் ஆபத்தாகும். நில இணைப்புக் குழியை ஆண்டுதோறும் சோதிப்பதும், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் உயிர் காக்கும்.

டீசல் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி இயக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வளிக்கு நிறமோ மணமோ இல்லை. கிணற்றில் தங்கி, உள்ளே இருப்பவரை மயங்கி விழச் செய்யும். ஒருவர் மயங்கியதும் அவரைக் காக்க அடுத்தவர் இறங்குவதால் உயிரிழப்பு பெருகுகிறது.

குளிர்நாடுகளில்

உறைபனி உள்ள நாடுகளில் நீச்சல்குளப் பம்புகளைக் குளிர்காலத்திற்கு முன் வடித்து வைப்பர். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகிப் பம்பின் உடலைப் பிளந்துவிடும் என்பதே காரணம். விழுப்புரம் வட்டாரத்தில் உறைபனி இல்லை; எனினும் ஓய்வுக்காலத்திற்கு முன் நீரை வடித்தல், மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தல், மீண்டும் இயக்குமுன் நீர் நிரப்புதல் ஆகிய மூன்றும் இரு இடங்களுக்கும் பொதுவானவை.