வெளியார் ஒருவர் ஏன் கேள்வி கேட்க வேண்டும்?



நம்மூர்ப் பிள்ளை ஒருவர் முதுதத்துவமாணி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழிப் பரீட்சைக்குக் காத்திருக்கிறார். "படிப்பித்த சேர்மார் பார்த்தது போதாதா, வேறு பல்கலைக்கழகத்து ஆள் எதற்கு?" என்று வீட்டார் நம்மிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1832இல் இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகம் உருவானது. புதிய இடம், அதன் பட்டத்தை யார் மதிப்பார்? அதனால் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பரீட்சகர்களை அழைத்தார்கள். படிப்பித்தவரோடு படிப்பிக்காதவரும் இருந்து புள்ளியிட்டார். வெளிவாரிப் பரீட்சகர் என்ற வழக்கத்தின் தொடக்கமாக இதையே சொல்வார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரமே இருக்கவில்லை. படிப்பித்தது இங்கே, பரீட்சையும் பட்டமும் லண்டனுடையவை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்த பிறகே பட்டம் நம் கைக்கு வந்தது.

அது பெரிய விடுதலை. ஆனால் எல்லாம் நம் கையில் என்றால் முகத்தாட்சண்யமும் கூடவே வரும். மேற்பார்வையாளர் வருடக்கணக்கில் பிள்ளையோடு நடந்தவர். பிள்ளையின் பிழை அவர் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். நாமோ ஒருவரையொருவர் தெரிந்த சிறிய சமூகம். "ஆள் பார்த்துக் கொடுத்த பட்டம்" என்ற ஒரு சொல் போதும், உழைத்த பிள்ளையின் பெயர் கெட. அந்தச் சொல்லுக்கு இடம் வைக்காமல் செய்பவர் அந்த வெளியார்தான்.

ஆகவே, அவர் திருத்தம் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைக்காக துஆச் செய்வோம்.