டோகோனாமேயின் செம்மண் கெண்டி

ஜப்பானின் ஆறு பழம்பெரும் சூளை ஊர்களில் டோகோனாமேயும் ஒன்று. ஆனா அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த செம்மண் தேநீர்க் கெண்டி, கியூசு, அவ்வளவு பழசில்லை. 19ஆம் நூற்றாண்டில் சீனத்து யிஷிங் கெண்டிகள் மேல் அங்கே பெரிய மோகம். 1878-இல் ஜின் ஷிஹெங் என்கிற சீனரை வரவழைத்தே தொழில் கற்றுக்கொண்டார்கள்.

அவர் மண்ணைத் தகடாகத் தட்டி வளைத்து ஒட்டுவார். இவர்களோ கடைசியில் சக்கரத்துக்கே திரும்பிவிட்டார்கள். உடல், மூக்கு, மூடி, பக்கவாட்டில் நீளும் கைப்பிடி எல்லாம் தனித்தனியாக வனைந்து சேர்ப்பது. பிடித்த கையின் கட்டைவிரலாலேயே மூடியை அழுத்திக்கொண்டு ஊற்றலாம்.

1998-இல் கியூசு செய்யும் மூன்றாம் யமதா ஜோசானை ஜப்பான் அரசு ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ ஆக்கியது. கடன் வாங்கிய வித்தை, 120 வருஷத்தில் நாட்டின் சொத்து. மரபுன்னா கலப்பே இல்லாததுன்னு யாராவது வாதாடினால், எனக்கு இந்தக் கெண்டிதான் ஞாபகம் வருகிறது.