மாக்பெத்தின் மனையாள்

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில், தங்கள் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த அரசனைக் கொல்லும்படி கணவனைத் தூண்டுகிற சீமாட்டியை, பேராசையே உருவெடுத்த அரக்கி என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் சரித்திரமும் நாடக மேடையும் அவள் செயலுக்கு ஒரே காரணத்தைக் கற்பித்ததில்லை.

பதினோராம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் மெய்யாகவே வாழ்ந்த குரூவாக் என்னும் அந்தப் பெண்மணி அரச வம்சத்தில் பிறந்தவள். முதற் கணவன் 1032-இல் தீயில் மாண்டபின் மாக்பெத்தை மணந்தவள். முதல் மணத்தில் பிறந்த அவள் மகன் லூலாக், 1057-இல் மாக்பெத் மடிந்ததும் சில மாதங்கள் அரியணையில் இருந்தான். ஆகவே, சிம்மாசனத்தின்மீது அவள் குலத்துக்கே ஒரு பாத்தியதை இருந்தது. ஷேக்ஸ்பியர் ஆதாரமாகக் கொண்ட ஹோலின்ஷெட்டின் சரித்திரத் தொகுதியோ, ராணி என்ற பட்டத்தின்மேல் அவளுக்கிருந்த தணியாத தாகத்தையே காரணமாகச் சொல்லி மேலே சென்றுவிடுகிறது.

நாடகாசிரியரின் சிருஷ்டி வேறு. கணவனின் கடிதத்தைப் படித்ததும் அவள் மனத்தில் எழுவது அவன் தலையில் ஏறவேண்டிய மகுடம். உறங்கும் அரசன் முகத்தில் தன் தந்தையின் சாயலைக் கண்டதும் அவள் கை எழவில்லை.

இந்த நுட்பத்தை மேடையில் துலங்கச் செய்தவர் ஸாரா ஸிடன்ஸ். தூக்கத்தில் எழுந்து நடக்கும் காட்சியில் மெழுகுவர்த்தியைக் கடைசிவரை கையில் பிடித்திருப்பது, அந்த வேஷத்தில் முன்னர்ப் புகழ்பெற்ற ஹன்னா பிரிட்சர்டு ஏற்படுத்திய சம்பிரதாயம். 1785 பிப்ரவரி 2 அன்று, லண்டன் டுருரி லேன் அரங்கில் ஸிடன்ஸ் மேடையேறு முன், அதை மீறவேண்டாம் என்று அரங்கின் அதிபர் ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து வற்புறுத்தியும், அவர் இணங்காமல், விளக்கைக் கீழே வைத்துவிட்டு, இரு கைகளையும் தேய்த்துத் தேய்த்து, இல்லாத ரத்தக்கறையைக் கழுவினார். நாடகம் முடிந்தபின் ஷெரிடனே வந்து பாராட்டினார். 1834-இல் காம்ப்பெல் வெளியிட்ட ஸிடன்ஸின் சரிதத்தில் இடம்பெற்ற அந்நடிகையின் குறிப்புகள், அச்சீமாட்டியைப் பெண்மை ததும்பும் மெல்லியலாளாகவே சித்திரிக்கின்றன.

நாடக முடிவில் அவளைப் பேய்க்கு நிகரானவள் என்று பழிப்பவன் கொலையுண்ட அரசனின் மகன் மால்கம். அது பகைவனின் தீர்ப்பு. கணவனின் உயர்வையே தன் உயர்வாகக் கருதிய ஒருத்தி, அதற்கு அதர்மத்தைக் கருவியாகக் கொண்டதனால் தன் மனச்சாட்சியாலேயே அழிந்தாள் என்பதே என் துணிபு. அவள் குற்றத்தை மன்னிக்க வேண்டியதில்லை. மால்கமின் பழிச்சொல்லை மட்டும் நாம் திருப்பிச் சொல்லாதிருப்போமாக.