டார்வினும் மாமாவோட மொட்டை மாடியும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் எங்க ஃபேமிலி குரூப்ல அம்மா போட்ட ஒரு மெசேஜ். "மாமா வீட்டை பில்டர்கிட்ட கொடுத்தாச்சு. புறாவை எல்லாம் யாருக்காவது கொடுக்கணுமாம். தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க."

மாமா வீடு பழைய வண்ணாரப்பேட்டை. 40 வருஷமா மொட்டை மாடியில புறா வளர்க்கிறார். புறான்னு சொன்னதும் உங்களுக்கு 'மாரி' படம்தான் ஞாபகம் வரும். அது பந்தயம். மாமா வளர்க்கிறது அழகுப் புறா. லக்கா தெரியுமா? மயில் மாதிரி வாலை விசிறியா விரிச்சு, நெஞ்சைத் தூக்கிக்கிட்டு நடக்குமே, அது. போட்டிக்குக் கொண்டுபோய் கூண்டுல நிறுத்துவாங்க. ஜட்ஜ் வந்து வால், தலை, நிக்கிற நிலை எல்லாம் பார்த்து மார்க் போடுவார்.

எங்க வீட்டுல மாமான்னா ஒரு எச்சரிக்கை. "படிக்கலைன்னா மாமா மாதிரி புறாவோட நிக்க வேண்டியதுதான்." நான் படிச்சேன், இன்ஜினியர் ஆனேன், மாடிக்குப் போறதை நிறுத்திட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி டார்வினோட 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தேன். கலாபகோஸ் தீவு, ஆமை, குருவி எல்லாம் வரும்னு நினைச்சேன். முதல் அத்தியாயத்துல வந்தது புறா. பக்கம் பக்கமா புறா. அதுவும் மாமா பேசுற அதே விஷயங்கள்.

46 வயசுல ஒரு புது ஹாபி

டார்வின் பீகிள் கப்பல்ல உலகம் சுத்திட்டு ஊர் திரும்பினது 1836. இயற்கைத் தேர்வுங்கிற ஐடியா அடுத்த சில வருஷத்துலயே அவருக்கு வந்துடுச்சு. 1844ல நீளமா எழுதியும் வச்சுட்டார். ஆனா வெளியிடல. ஒரு பெரிய சிக்கல் இருந்தது. காட்டுல ஒரு உயிரினம் மாறுறதை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது, அதுக்கு ஆகிற காலம் அப்படி. அப்போ "சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்து பெரிய மாற்றமாகும்"னு எப்படி நம்ப வைக்கிறது? மனுஷ ஆயுசுக்குள்ள அது நடக்கிற ஒரு இடம் வேணும்.

1855ல, 46 வயசுல, கென்ட் மாவட்டத்துல டவுன் கிராமத்து வீட்டுத் தோட்டத்துல டார்வின் புறாக்கூண்டு கட்டினார். முதல்ல வாங்கினதுல ஒண்ணு நம்ம லக்கா வகை, இன்னொண்ணு பவுட்டர். பவுட்டர்னா தொண்டைப் பையை பலூன் மாதிரி ஊதிக்கிற புறா. கொஞ்ச வருஷத்துல கிட்டத்தட்ட 90 புறா. மகள் ஹென்ரியட்டாவுக்கு அதுங்க மேல கொள்ளைப் பிரியம். அப்பா வேலை வேற. அவர் புறாக்களைக் கொன்னு, எலும்புக்கூடு எடுத்து, ஒவ்வொரு எலும்பையும் அளந்தார். பத்து நாள் குஞ்சுகளைக் கொன்ன அன்னைக்கு ஏதோ கொலை பண்ணின மாதிரி ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். பாசமும் இருந்தது, கத்தியும் இருந்தது.

ஜின் கடையில விஞ்ஞானி

இவர்கிட்ட புறா இருந்தது, ஆனா புறாவைப் பார்க்கத் தெரியல. அதனால தெரிஞ்சவங்களைத் தேடிப் போனார். லண்டன்ல ரெண்டு புறா கிளப்ல சேர்ந்தார். ஒண்ணு வசதியான கனவான்கள் கிளப். இன்னொண்ணு லண்டன் பாலத்துக்குத் தெற்கே, பரோ பக்கத்துல கூடுற சாதாரண மக்கள் கிளப். டார்வின் பணக்கார டாக்டர் வீட்டுப் பிள்ளை, ராயல் சொசைட்டி உறுப்பினர். அவர் ஒரு ஜின் கடையில, புகையிலைப் புகைக்கு நடுவுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கிறதை யோசிச்சுப் பாருங்க.

அந்த ஊர்ல புறா அப்போ எல்லா வர்க்கத்துலயும் இருந்தது. கிழக்கு லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் இதுக்குப் பேர் போனவங்க. வீட்டு மேல்மாடியில தறி, கூரையில புறாக்கூடு. அவங்க கூலிக்குப் பாதுகாப்பா இருந்த சட்டம் 1824ல ரத்தாச்சு. தொழில் நொடிச்சுது. புறா வளர்க்கிறதை மட்டும் அவங்க விடல.

ஒரு ராத்திரி அந்த ஜின் கடையில ஒரு பேச்சு வந்தது. ஒருத்தர் சைஸ் பெருசாகணும்னு தன் பவுட்டரை வேற இனத்தோட கலந்துட்டாராம். அதைக் கேட்டு அங்க இருந்த எல்லாரும் ஏதோ சாவு வீட்டுல மாதிரி மெதுவா, பயங்கரமா தலையை ஆட்டினாங்களாம். டார்வின் இதை ஹக்ஸ்லிக்கு எழுதின கடிதத்துல ரசிச்சுச் சொல்றார். அவருக்கு அந்தத் தலையாட்டலே டேட்டா. புது இனம் கலப்புல வரல, ஒரே இனத்துக்குள்ள தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுக்கிறதுலதான் வருதுன்னு அது சொல்லுச்சு.

அந்தப் பொறுக்கல் எவ்வளவு நுணுக்கம்னா, சர் ஜான் செப்ரைட்னு ஒரு பெரிய பிரீடர் சொன்னதை டார்வின் எடுத்துக் காட்டுறார்: எந்த இறகு வேணும்னாலும் மூணு வருஷத்துல கொண்டு வந்துடுவேன், தலையும் அலகும் சரியா வர ஆறு வருஷம் ஆகும். சாதாரணப் புறாவுக்கு வால்ல 12, 14 இறகுதான். லக்காவுக்கு 30, சிலதுக்கு 40 கூட. அந்தக் கூடுதல் இறகு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி, "இதுக்கு ஒண்ணு அதிகமா இருக்கே"னு கவனிச்ச ஒரு கண்ணு இருக்கு.

மெட்ராஸ்ல இருந்து ஒரு பார்சல்

லண்டன் மட்டும் போதாதுன்னு டார்வின் உலகம் முழுக்கக் கடிதம் போட்டார். 1856ல ஒரு கடிதம் வால்டர் எலியட்டுக்கு. மெட்ராஸ் அரசாங்கத்துல பெரிய அதிகாரி, அமராவதி சிற்பங்களைத் தோண்டி எடுத்த அதே எலியட். (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் இவர் பேர்ல இல்லைங்க, அது வேற எலியட்.) இந்தியாவுல வளர்க்கிற புறாக்களோட தோல் அனுப்ப முடியுமான்னு கேட்டார். எலியட் அனுப்பினார். புத்தகத்துல அவருக்கு நன்றி இருக்கு.

இந்தியாவைக் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அபுல் ஃபசல் எழுதின 'அயினி அக்பரி'யில அக்பர்கிட்ட 20,000 புறா இருந்ததா வருது. புறா பறக்க விடுற விளையாட்டுக்கு அரண்மனையில பேரு 'இஷ்க்பாஸி', காதல் விளையாட்டு. டார்வினும் அக்பரைக் குறிப்பிடுறார். நாம சொல்ற 'லக்கா'ங்கிற பேரு அந்த 16ஆம் நூற்றாண்டு நூல்லயே இருக்கு.

எல்லாம் ஒரே ரிப்போ

இப்போ முக்கியமான இடம். டார்வின் கிளப்ல பார்த்த எல்லா பிரீடரும் ஒரு விஷயத்துல உறுதியா இருந்தாங்க: என் இனம் வேற, உன் இனம் வேற, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு காட்டு மூதாதை இருந்திருக்கும். பார்த்தா நியாயமாத்தான் தோணும். இந்த வகைகள்ல 20 எடுத்து, "இதெல்லாம் காட்டுப் பறவை"னு ஒரு பறவையியல் நிபுணர்கிட்ட கொடுத்தா, 20 தனி இனம்னு எழுதிடுவார்னு டார்வினே சொல்றார்.

நம்ம பாஷையில சொன்னா, பிரீடர்கள் ஒவ்வொரு வகையும் தனி ரிப்போன்னு நினைச்சாங்க. டார்வின் எல்லாமே ஒரே ரிப்போல இருந்து பிரிஞ்ச பிராஞ்ச்னு சந்தேகப்பட்டார். அதைச் சோதிக்க ரெண்டு பிராஞ்சை மெர்ஜ் பண்ணினார். சுத்த வெள்ளை லக்கா ஒரு பக்கம், பார்ப்னு ஒரு சுத்தக் கறுப்பு வகை இன்னொரு பக்கம். குஞ்சுங்க பழுப்பும் கறுப்புமா திட்டுத் திட்டா வந்தது. அதுங்களை மறுபடி ஒண்ணோட ஒண்ணு சேர்த்தார். பேரக்குஞ்சுகள்ல ஒண்ணு நீலச் சாம்பல் உடம்பு, இறக்கையில ரெண்டு கறுப்புக் கோடு. தாத்தா வெள்ளை, பாட்டி கறுப்பு, பேரன் அப்படியே காட்டு மாடப்புறா. பிராஞ்ச் எவ்வளவு தூரம் போனாலும் பழைய ஹிஸ்டரி உள்ளேயே இருந்திருக்கு.

1859ல புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி விட்வெல் எல்வின்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் கையெழுத்துப் பிரதியைப் படிச்சார். அவரோட யோசனை: மத்ததெல்லாம் வேணாம், புறாவைப் பத்தி மட்டும் எழுதுங்க, எல்லாருக்கும் புறான்னா இஷ்டம். நல்லவேளை, டார்வின் கேட்கல. 1868ல அடுத்த பெரிய புத்தகத்துல புறாவுக்கே ரெண்டு அத்தியாயம் ஒதுக்கினார். 2013ல யூட்டா பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஷபிரோவோட குழு புறாவோட மரபணு வரிசையைப் படிச்சு, பல வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தப்பவும் மாடப்புறாதான் மூலம்னு உறுதியாச்சு.

அலகு சின்னதாகிக்கிட்டே போனா

இதுல ஒரு இருட்டுப் பக்கமும் இருக்கு. குட்டை மூக்கு டம்ளர்னு ஒரு வகை. அலகு எவ்வளவு சின்னதோ அவ்வளவு மார்க். பொறுக்கிப் பொறுக்கி அலகு எவ்வளவு குட்டையாச்சுன்னா, குஞ்சால முட்டை ஓட்டை உடைக்க முடியல. வெளியில வந்ததைவிட உள்ளேயே செத்தது அதிகம்னு டார்வின் எழுதுறார். வளர்க்கிறவங்களே ஓட்டை உடைச்சு விடணும். அப்புறம் சாதாரண அலகு உள்ள வேற புறாகிட்ட விட்டு ஊட்ட வைக்கணும். ஒரே ஒரு மெட்ரிக்கை வச்சுக்கிட்டு அதையே ஆப்டிமைஸ் பண்ணினா என்ன ஆகும்னு ஆபீஸ்ல நமக்குத் தெரியும். அங்க டாஷ்போர்டு பச்சையா இருக்கும், இங்க கோப்பை கிடைக்கும். ஓட்டுக்குள்ள இருக்கிற குஞ்சை ஜட்ஜ் பார்க்க மாட்டார்.

மாமா கழிச்ச குஞ்சு

அம்மா மெசேஜ் வந்த வாரம் சனிக்கிழமை நான் வண்ணாரப்பேட்டை போனேன். பத்து வருஷம் கழிச்சு அந்த மாடி. கம்பு, சோள வாசனை அப்படியே இருந்தது. பாதிக் கூண்டு காலி.

"மாமா, லக்காவும் ஹோமரும் ஒரே மூலத்துல இருந்து வந்ததாம், தெரியுமா?"

"யாருடா சொன்னது? லக்கா வேற ஜாதி, ஹோமர் வேற ஜாதி. மூஞ்சியைப் பாரு, நிக்கிறதைப் பாரு. எப்படிடா ஒண்ணாகும்?"

170 வருஷம் முன்னாடி லண்டன்ல சொன்ன அதே பதில். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. டார்வின் பண்ணின கலப்பைப் பத்திச் சொன்னேன். வெள்ளை லக்கா, கறுப்பு இன்னொண்ணு, பேரக்குஞ்சுன்னு. நான் முடிக்கிறதுக்குள்ள மாமா கேட்டார்.

"கடைசியில ஊர்ப்புறா மாதிரி வந்துச்சா? ரெண்டு கோடு போட்டு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வந்துச்சே. உங்க அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்போ கூண்டைச் சரியா பார்க்கல. என் வெள்ளை லக்கா கறுப்புக் கர்ணத்தோட ஜோடி சேர்ந்துடுச்சு. அதோட குஞ்சுங்க பெரிசாகிப் போட்டதுல ரெண்டு அப்படி வந்துச்சு. ஜாதி கெட்டுப் போச்சுன்னு கழிச்சுட்டேன். கோயில் கோபுரத்துப் பக்கம் விட்டுட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. டார்வினுக்குக் கிடைச்ச அதே விடை, அதே மாதிரி கையில உட்கார்ந்திருக்கு. ஒருத்தர் அதை எழுதி வச்சார். இன்னொருத்தர் அதைக் குறைன்னு நினைச்சு விட்டுட்டார். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தேடினது நல்ல லக்கா, அதுக்கு அந்தக் குஞ்சு பயன்படாது. ஆனா அவர்கிட்ட வந்து, "அந்தக் குஞ்சு எப்படி இருந்தது?"ன்னு கேட்க ஒருத்தரும் இல்ல. டார்வின் அந்த நெசவாளர்களைவிடப் புறா தெரிஞ்சவர் கிடையாது. அவர் ஜின் கடை வரைக்கும் போய் உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். எங்க வீட்டுல நாங்க மாமாவை வச்சுப் பிள்ளைகளை மிரட்டிக்கிட்டிருந்தோம்.

அன்னைக்கு மூணு மணி நேரம் மாமா பேசினதை ரெக்கார்ட் பண்ணினேன். எந்த ஜோடி எந்த வருஷம், எதோட வால் எத்தனை, எது குஞ்சை மிதிச்சுக் கொன்னுது, எல்லாம் வாய்க்கணக்கு. ஒரு நோட்டு கிடையாது. நடுவுல ரெண்டு பசங்க வந்து ஆறு புறாவை அட்டைப் பெட்டியில வாங்கிட்டுப் போனாங்க. மாமா பெட்டியில ஓட்டை சரியா போட்டிருக்கான்னு பார்த்தார். மத்தபடி எதுவும் சொல்லல.

புது ஃபிளாட்ல புறா வளர்க்க அனுமதி இல்ல. ஒரு வெள்ளை ஜோடி மட்டும் இன்னும் மாடியில இருக்கு, யாருக்கும் கொடுக்க மனசு வரலையாம். சென்னையில இடம் இருக்கிறவங்க, நிஜமாவே பார்த்துக்கிறவங்க, எனக்கு எழுதுங்க. ஒரே ஒரு கண்டிஷன், மாமா அப்பப்போ வந்து பார்ப்பார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.