ஒரே சீசா, இரண்டு தேசம்: பூச்சிமருந்துத் தடைகளின் கதை

2021 டிசம்பரில் ஒருநாள் இரவு சுங்குவார்சத்திரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. கைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். காரணம் சம்பளம் அல்ல, போனஸ் அல்ல, சாப்பாடு! விடுதி ஒன்றில் சாப்பிட்டவர்களில் 150க்கும் மேற்பட்டோர் வாந்தி பேதியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது.

கெட்டுப்போன சாப்பாடு ஒரே நாளில் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அதை எதிர்த்துச் சாலையில் உட்கார முடிகிறது. ஆனால் அதே சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயோடு வருகிற பூச்சிமருந்துக்கு என்ன செய்வது? அன்று இரவு வயிறு வலிக்காது, அடுத்த நாளும் வலிக்காது. பத்து, பதினைந்து வருடம் கழித்து ஏதாவது வந்தால் எந்தக் கத்தரிக்காயைக் குற்றம் சொல்வது? கண்ணுக்குத் தெரியாத இந்த விஷயத்தில் சாப்பிடுகிறவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அந்த மருந்து கடைக்கே வராமல் இருப்பதுதான். அதாவது தடை.

அந்தத் தடை என்ன செய்தது, எங்கே தோற்றது என்பதற்கு நம் பக்கத்திலேயே அறுபது வருடக் கதை இருக்கிறது.

1958

ஒரு காலத்தில் பூச்சிமருந்தும் கெட்டுப்போன சாப்பாடு மாதிரி ஒரே நாளில் தன்னைக் காட்டியது. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாகாணத்திலும் சாப்பிட்ட சிறிது நேரத்தில் மனிதர்கள் சுருண்டு விழுந்தார்கள். 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோதுமை மாவும் சர்க்கரையும் வந்த கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் வந்திருந்தது. அது கசிந்து உணவு மூட்டைகளில் இறங்கியிருந்தது. ஒரே கப்பலில் சாப்பாட்டையும் விஷத்தையும் ஏற்றக்கூடாது என்று சொல்லக்கூட அன்று நாட்டில் தனியாக ஒரு சட்டம் இல்லை.

மத்திய அரசு நீதிபதி ஜே.சி. ஷாவை விசாரிக்கச் சொன்னது. (பின்னாளில் நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் இருக்கிறதே, அதே ஷாதான்.) அந்த விசாரணையின் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். சாவு நடந்தது 1958-ல், சட்டம் வந்தது 1968-ல், அதற்கான விதிகள் வந்தது 1971-ல். இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

அந்தப் பாரத்தியானின் விற்பனைப் பெயர் ஃபாலிடால். தமிழில் அது 'பாலிடால்' ஆகி, பிறகு எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. வயலில் தெளிக்கும்போது மட்டும் அதற்குப் பெயர் வேறு. 'மருந்து'. வயலுக்கு மருந்தடிப்பது என்றுதான் சொல்வார்கள், விஷம் அடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. மருந்து என்று பெயர் வைத்துவிட்ட பிறகு 'கொஞ்சம் கூட அடித்தால் கூடக் குணமாகும்' என்று தோன்றுவது இயல்புதானே!

பாலில் வந்த பவுடர்

தடை வேலை செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி பி.எச்.சி. பவுடர். மிக மலிவான மருந்து. 1970, 80களில் இந்தியாவில் அதிகம் விற்ற பூச்சிக்கொல்லிகளில் முதலிடத்தில் இருந்தது. நெல்லில் தூவினால் அது வைக்கோலில் தங்கும். வைக்கோலை மாடு தின்னும். இந்த ரசாயனம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் மாட்டின் உடம்பில் தங்கி, பாலின் கொழுப்போடு வெளியே வரும். வெண்ணெய், நெய் என்று போகப் போக அடர்த்தி கூடும். வயலையே பார்க்காத கைக்குழந்தைக்கும் பால் வழியாக ஒரு பங்கு போய்ச் சேரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டது. 82 சதவீதத்தில் டி.டி.டி. இருந்தது, 37 சதவீதத்தில் அனுமதித்த அளவையும் தாண்டியிருந்தது. குழந்தைகளுக்கான பால் பவுடர் மாதிரிகளில் 94 சதவீதத்தில் பி.எச்.சி. இருந்தது.

விவசாயத்தில் டி.டி.டி. பயன்பாடு 1989-ல் விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. பி.எச்.சி. 1997 ஏப்ரலில் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு வந்த பால் சோதனைகளில் பி.எச்.சி. படிப்படியாக இறங்கியது. இதைத் தொடர்ந்து பார்த்துவந்த லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தினரின் ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரியும். டி.டி.டி. அவ்வளவு சுலபமாக விடவில்லை. மலேரியா ஒழிப்புக்கு அது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது ஒரு காரணம், மண்ணில் பல வருடம் அழியாமல் கிடப்பது இன்னொரு காரணம். ஆக, தடை போட்ட அன்றே பால் சுத்தமாகிவிடாது. ஆனால் தடை போடாமல் அது சுத்தமாகவே ஆகியிருக்காது.

காலியான அலமாரி

வணிகவியல் பாடத்தில் பதிலிப் பொருள் என்று ஒன்று வரும். காபி விலை ஏறினால் டீ விற்பனை கூடும் என்பார்கள். உரக்கடையில் அந்தப் பாடத்தை நேரிலேயே பார்க்கலாம். பி.எச்.சி. போன இடத்தில் எண்டோசல்பானும் மோனோகுரோட்டோபாஸும் இருந்தன. விவசாயிக்கு வேண்டியது பூச்சி சாக வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் அவருக்கு மருந்துச் சீட்டு. ஒரு சீசாவைத் தடை செய்யும் அரசாங்கம், பக்கத்தில் எந்தச் சீசா இருக்கிறது என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

மோனோகுரோட்டோபாஸ் கதையைப் பாருங்கள். சுருக்கமாக 'மோனோ'. மிகக் கொடிய விஷம். 2005-ல் மத்திய அரசு இதைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தது. பருத்தி, நெல் போன்றவற்றுக்கு அப்போது அனுமதி இருந்தது. காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பருத்திக்கென்று வாங்கிய சீசா, பக்கத்து வரப்பில் இருக்கும் கத்தரிச் செடிக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? சீசாவுக்குப் பருத்தியும் கத்தரியும் ஒன்றுதான். கடையில் போடும் பில்லிலும் பயிர் பெயர் எழுதுவதில்லை.

எட்டு வருடம் கழித்து, 2013 ஜூலை 16 அன்று, பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. 1958-ல் கப்பலில் நடந்தது 2013-ல் ஒரு சமையலறையில் நடந்தது. காய்கறிக்குத் தடை என்ற சட்டம் அந்த எண்ணெயை என்ன செய்ய முடியும்? வீட்டிலும் கடையிலும் அந்த விஷம் கிடைக்கும்வரை அது எப்படியாவது தட்டுக்கு வர வழி இருந்துகொண்டே இருக்கிறது.

இதே மோனோவை இலங்கை எப்போது நிறுத்தியது தெரியுமா? 1995-ல்!

இலங்கை செய்ததும் சறுக்கியதும்

இலங்கையில் 1980-ல் பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1984-ல் பாரத்தியான் வகைகளை நிறுத்தினார்கள். 1995-ல் மிக ஆபத்தான வகுப்பில் மிச்சமிருந்த மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் இரண்டையும் நிறுத்தினார்கள். அங்கும் பதிலிப் பொருள் பிரச்சினை வந்தது. அந்த இடத்தை எண்டோசல்பான் பிடித்தது, அதனால் இறப்பவர்கள் அதிகமானார்கள். ஆனால் அவர்கள் மருத்துவமனைக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1998-ல் எண்டோசல்பானும் போய்விட்டது. இந்தியாவில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களைச் சுற்றியிருந்த மக்கள் வருடக்கணக்கில் போராடி, உச்சநீதிமன்றம் 2011 மே மாதம் உத்தரவு போட்ட பிறகுதான் அது நின்றது.

இலங்கைத் தடைகளின் நோக்கம் முதலில் உணவு அல்ல, விஷம் குடித்து இறப்பவர்களைக் காப்பாற்றுவது. 1995-ல் லட்சம் பேருக்கு 47 என்று உலகிலேயே மிக உயரத்தில் இருந்த தற்கொலை விகிதம் 2005-க்குள் ஏறத்தாழப் பாதியானது. 'மருந்து இல்லாவிட்டால் நெல் போய்விடும்' என்ற பயமும் பலிக்கவில்லை. தடைகளுக்குப் பிறகு அவற்றால் விளைச்சல் விழவில்லை என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள், ஆபத்து குறைந்த வேறு மருந்து கையில் இருந்தது, வேளாண் துறை கூடவே வந்தது. விவசாயி நடுத்தெருவில் நிற்கவில்லை.

அதே இலங்கைதான் 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதி எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தியது. மாற்று எதுவும் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வந்தது, நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. தடை என்றாலே பஞ்சம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய முப்பது வருடத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தீவில் நடந்தவை.

கொசுறுக் கறிவேப்பிலை

சந்தையில் காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்கள். அதைச் சோதிக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தோன்றியது. 2010களில் இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது, வருவதில் பாதிச் சரக்கைத் திறந்து பார்க்கச் சொன்னது. ஏற்றுமதியாளருக்குச் சரக்கு திரும்பினால் நஷ்டம், அதனால் தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். உள்ளூர் தட்டுக்கு வரும் கறிவேப்பிலைக்கு அப்படித் திரும்பிப் போகும் வழி கிடையாது.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று தொழிற்சாலைகள். முன்பு சாப்பிடுகிறவருக்கு வயலாவது தெரியும், யார் என்ன அடித்தார்கள் என்று ஊரில் பேச்சாவது இருக்கும். இப்போது கோலார் பக்கத்துத் தக்காளி லாரிகள் இந்த ஊரைத் தாண்டிக் கோயம்பேடு போகின்றன, அங்கே கை மாறி இதே சாலையில் திரும்பி வருவதும் உண்டு. விடுதிச் சமையற்காரருக்கு விலை தெரியும், எடை தெரியும். அதற்கு மேல் கேட்டால் பாவம் அவருக்கு என்ன தெரியும்?

2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை போட்டது. கம்பெனிகள் எதிர்த்தன, குழுக்கள் உட்கார்ந்தன. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது 27-ல் முழுத் தடை பெற்றவை மூன்று. கூடவே மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலும் நிறுத்தப்பட்டது. விவசாயிகள் அதிகம் வாங்கியது அதைத்தான்.

தமிழக அரசும் ஏறக்குறைய அதே சமயத்தில் மோனோ உட்பட ஆறு மருந்துகளைத் தடை செய்தது. ஆனால் 60 நாட்களுக்கு மட்டும்! 1968 சட்டத்தின்படி ஒரு மாநில அரசு அவ்வளவுதான் செய்ய முடியும், நீட்டித்தால் இன்னும் 30 நாள். ஒரு கத்தரிப் பயிரின் காலம்கூட அதைவிட நீளம்.

1995-ல் கொழும்பு நிறுத்திய சீசாவை டெல்லி நிறுத்த 28 வருடம் ஆனது. ஆணை வந்த பிறகும் கையிருப்பை விற்றுத் தீர்க்கக் கடைகளுக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள்.