கையெழுத்துப் போட்டவர்களைத் தேடியவர்

திருச்சியிலிருந்து கரூர் போகிற சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது அல்லூர். சோழர் காலத்தில் அதை ஒட்டியே ஈசானமங்கலம் என்று இன்னொரு ஊரும் இருந்தது. அல்லூர் வெள்ளாளர் குடியிருந்த வெள்ளான்வகை ஊர்; ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். கல்லூரியில் இடைக்கால வரலாறு நடத்திய காலமெல்லாம் சோழர் பாடத்தை நான் ராஜராஜனில் தொடங்கியதில்லை, இந்த இரண்டு ஊர்களில்தான் தொடங்குவேன். அந்த வழியைக் காட்டியவர் ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா.

இரண்டு ஊர்களிலும் பத்தாம் நூற்றாண்டு நிலவிற்பனைக் கல்வெட்டுகள் உண்டு. அரசர் பெயரையும் ஆட்சியாண்டையும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவதுதான் அதுவரை வழக்கம். கராஷிமாவோ, விற்றவர் யார், வாங்கியவர் யார், கடைசியில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டார். ஈசானமங்கலத்தில் தனித்தனிப் பிராமணர்கள் தங்கள் சொந்த நிலத்தை விற்றிருக்கிறார்கள். அல்லூரில் விற்றது ஊர். ‘ஊரோம்’ என்று சேர்ந்து நின்று விற்றிருக்கிறார்கள். ஒரே வாய்க்கால் பாசனத்து மண்ணில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், நிலவுடைமையோ வேறு வேறு. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டில் இதைக் கட்டுரையாக அளித்தார். பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கீழ்க்காவிரிப் பகுதியில் பிராமணர் அல்லாத ஊர்களிலும் தனியார் கையில் நிலம் குவியத் தொடங்கியிருந்தது. ஆசியாவின் கிராமங்கள் ஆயிரம் ஆண்டாக அசையாமல் கிடந்தன என்று மேற்கே பலர் எழுதிவைத்ததற்கு இதைவிட உறுதியான மறுப்பை நான் படித்ததில்லை.

அவர் பிறந்தது 1933-இல், டோக்கியோவில். 1961-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராக வந்து 1964 வரை இங்கே இருந்தார். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு அலுவலகம் அப்போது ஊட்டியில் இருந்தது. அங்கே போய்க் கல்வெட்டுகளின் மைப்படிகளோடு உட்கார்ந்து படித்தார்.

அந்த உட்காருதலின் அருமை, மைப்படி எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் கல்லில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கென்றே உள்ள தாளை நனைத்துச் சுவரில் ஒட்டி, முரட்டுத் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் தாள் கிழியும். மெல்லத் தட்டினால் எழுத்து விழாது. ஈரம் பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றி எடுத்தால், கறுப்புக்கு நடுவே வெள்ளை எழுத்து தெரியும். வரலாற்றுத் துறைக்கு வரும் பிள்ளைகள் ஒரு தடவையாவது இதைச் செய்து கைவிரலில் மை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற படியில் பெரும்பாலும் இருப்பது நாலெல்லையும், குழிக்கணக்கும், ‘இவை என் எழுத்து’ என்று முடிகிற பெயர் வரிசையும்தான். அந்தப் பெயர்களுக்காகத்தான் கராஷிமா அத்தனை வருஷம் செலவிட்டார்.

எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவு மூன்று தொகுதிகளாக 1978-இல் மதுரையில் வெளிவந்தது. கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, எச்சோறு என வரிப் பெயர்களையும் இப்படியே எண்ணினார். எந்த மண்டலத்தில், யார் ஆட்சியில், எத்தனை தடவை வருகின்றன என்று. ஒரு கல்வெட்டை வைத்து எதையும் நிறுவிவிடலாம், நூற்றுக்கணக்கானவற்றை அடுக்கி வைத்தால் அவை நம் விருப்பத்துக்கு வளையாது. 1980-இல் பர்ட்டன் ஸ்டைன், சோழ அரசு என்பது ‘நாடு’ எனப்பட்ட தனித்தனி வட்டாரங்கள் சடங்களவில் மட்டுமே அரசனுக்குக் கட்டுப்பட்ட தளர்ந்த அமைப்பு என்று எழுதியபோது, கராஷிமா எதிர்த்து நிற்க முடிந்தது இந்தக் கணக்குகளால்தான். அதிகாரிகளின் பட்டங்களும் வரிப் பெயர்களும் நாடு கடந்து பரவியிருப்பதைக் காட்டினார். ஸ்டைனின் கேள்வி பெரிய கேள்விதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கல்வெட்டுச் சான்று கராஷிமா பக்கம்தான் இருக்கிறது என்பதே என் முடிவு.

விஜயநகர காலத்துக்கு வந்தபோதும் அவர் நாயக்கர்களோடு சேர்த்து அவர்களுக்கு வரி கொடுத்தவர்களையும் பார்த்தார். 1429-இல் காவிரிப் பகுதியில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றாகக் கூடி, இன்ன வரிதான் கொடுப்போம், அதற்கு மேல் கேட்டால் கொடுக்கமாட்டோம் என்று கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். எந்நேரமும் மோதிக்கொண்டதாக நாம் படித்த இரண்டு சாதிப் பிரிவுகள் அவை. வகுப்பில் இந்த இடம் வரும்போது பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக அவர் இருந்தபோதுதான் 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. ஒன்பதாவதைக் குறுகிய காலத்தில் நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, ஆய்வுக் கட்டுரைகள் உருவாக அந்த அவகாசம் போதாது என்று அவர் இசையவில்லை. அரசு 2010-இல் கோவையில் செம்மொழி மாநாட்டைத் தனியாக நடத்திக்கொண்டது. அதே ஆண்டு அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். தமிழைப் புகழ ஆள் நிறைய உண்டு. தமிழ்க் கல்வெட்டைப் படிக்கத்தான் ஆள் குறைந்துகொண்டே போகிறது. அந்தக் குறையை அவர் விடாமல் சொல்லிவந்தார். 2013-இல் பத்மஸ்ரீ விருதைப் பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோவிலேயே அவரிடம் வழங்கினார். தென்னிந்திய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் நூலை மற்ற அறிஞர்களோடு சேர்ந்து எழுதி 2014-இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் காலமானார்.

என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான்: உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளில் அச்சானவற்றை எடுங்கள். நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: ஆண்டு, விற்றவர், வாங்கியவர், நாலெல்லை, விலை, கையெழுத்து. அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.